கோப்ளினுக்கு வந்த அழுகை, தாத்தாவுக்கு வராத அழுகை

கோப்ளின் கொரியன் சீரியலை முடித்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் அந்தப் பாட்டு காதில் விழுந்தாலே அழுகை வருகிறது, இது நார்மல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் தாத்தா இறந்தபோதுகூட நீங்கள் இப்படி அழவில்லை, இப்போது வீட்டில் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று. நான் படித்த வரையில் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. திரையில் வந்த ஒரு பெண்ணுக்காக இத்தனை அழுகிற நான், என்னைத் தூக்கி வளர்த்த மனிதருக்காக ஏன் அழவில்லை, எனக்குப் பாசமே இல்லையா, இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் உளவியல் ஆலோசகர். நெருங்கியவர்களை இழந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலையில் பெரும்பகுதி. கொரியன் டிராமாவும், அதற்கு முந்தைய பழைய கொரியக் கதைகளும் எனக்கு ரொம்பப் பிடித்தவை. அதனால் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைப் படிக்கும்வரை நீங்கள் பதறிக்கொண்டு இருக்கக்கூடாது: சீரியலுக்கு அழுததிலும் தவறில்லை, தாத்தாவுக்கு அழாததிலும் தவறில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாசத்தை அளக்க முடியாது. ஏன் என்பதுதான் நீளமான பதில். சீரியலை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவுவரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

மற்றவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிம் உன்-சூக் எழுதி, லீ உங்-போக் இயக்கி, 2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரியில் முடிந்த 16 எபிசோட் தொடர் இது. கொரியாவை முன்பு ஆண்ட கோர்யோ அரசின் காலத்துத் தளபதி கிம் ஷின், பொறாமை பிடித்த இளம் அரசன் ஒருவனின் ஆணையால் கொல்லப்படுகிறான். நெஞ்சில் பாய்ந்த வாளோடு, கோப்ளின் என்ற சாகாதவனாக 900 வருடங்களுக்கு மேல் உலகத்தில் இருக்கிறான். அவனுடைய மணமகளால் மட்டும்தான் அந்த வாளை உருவ முடியும், உருவினால் அவன் போய்ச்சேர்ந்துவிடுவான். அந்த மணமகள் ஜி உன்-தாக், பேய்களைப் பார்க்கக்கூடிய பெண், ஒன்பது வயதில் அம்மாவை இழந்து சித்தி வீட்டில் அடியும் திட்டும் வாங்கி வளர்ந்தவள். கிம் ஷினின் வீட்டிலேயே குடியிருக்கும் எமதூதனுக்குத் தன் முற்பிறவி தெரியாது. தளபதியைக் கொல்லச் சொன்ன அரசன் அவன்தான் என்று நமக்குப் பின்னால் தெரியவருகிறது. கோங் யூ, கிம் கோ-உன், லீ டோங்-வூக், யூ இன்-னா நான்கு பேரும் நடித்த விதத்தைப் பற்றி நீங்களே நிறைய எழுதியிருந்தீர்கள், நான் அதில் சேர்க்க ஒன்றுமில்லை. கதாநாயகி இன்னும் பள்ளி மாணவியாக இருக்கும்போதே காதல் ஆரம்பிப்பது எனக்கு உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. அது வேறு விவாதம்.

இனி, நீங்கள் எந்த இடத்தில் அழுதீர்கள் என்று பார்ப்போம். வாள் உருவப்படும் 13-ஆவது எபிசோடில் அழுதேன், ஆனால் அதைவிட 14-ஆவதில்தான் தாங்க முடியவில்லை என்கிறீர்கள். இதைக் கவனித்து எழுதியதற்கு நன்றி, பதிலுக்கான நூல்முனை இங்கேதான் கிடைக்கிறது. 13-ல் கிம் ஷின் சாம்பலாகிக் காற்றில் கரைகிறான். 14-ல் நடப்பது வேறு: அவனைப் பற்றிய நினைவே உலகத்திலிருந்து அழிய ஆரம்பிக்கிறது. மழையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உன்-தாக் நோட்டில் கிறுக்குகிறாள், அவன் பெயரை, தான் அவனுக்கு யார் என்பதை. எழுதிக்கொண்டிருக்கும்போதே, எதற்காக எழுதுகிறோம் என்பது அவளுக்கு மறந்துபோகிறது. அப்புறம் ஒன்பது வருடம் ஓடிவிடுகிறது. அவள் வானொலி நிலையத்தில் வேலை பார்க்கிறாள், காரணம் தெரியாமல் அழுகிறாள். எமதூதனையும் இன்னும் ஓரிருவரையும் தவிர எல்லாரும் அவனை மறந்துவிட்டார்கள்.

நீங்கள் மட்டும் மறக்கவில்லை. அந்தத் திரைக்கதை உங்களுக்குச் செய்தது இதைத்தான். அதுவரை ஒரு காதல் ஜோடியை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த உங்களை, சத்தமில்லாமல் கிம் ஷின் இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது. அவனுடைய தண்டனையே, எல்லாரும் போனபிறகும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு இருப்பதுதான். 14-ஆவது எபிசோடில் அந்த வேலையை நீங்கள் செய்கிறீர்கள். கடைசி எபிசோடில் மறுபடியும் அதே நடக்கிறது: அவன் திரும்பி வந்து, இருவருக்கும் கல்யாணமான கொஞ்ச நேரத்திலேயே, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வண்டியைக் காப்பாற்றத் தன் காரை லாரிக்குக் குறுக்கே நிறுத்தி உன்-தாக் இறக்கிறாள். மறதி தரும் தேநீரை வேண்டாம் என்று வைத்துவிட்டு, திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் படியேறிப் போகிறாள். அவன் மறுபடியும் காத்திருக்கிறான். சீரியல் முடிந்ததும் அவர்கள் கதை மூடப்பட்டுவிட்டது, ஞாபகம் உங்களிடம் இருக்கிறது. மூன்று வாரமாகப் பாட்டு கேட்டால் அழுகிறீர்கள் என்றால், அந்த எழுத்தாளர் உங்களிடம் எதிர்பார்த்ததை நீங்கள் முழுமனதாகச் செய்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இது கொரியக் கதை மரபுக்குப் புதிதும் இல்லை. கோப்ளினைக் கொரியாவில் தொக்கேபி என்பார்கள். நம்மில் பலரும் தொக்கேபி என்றதும் கிம் ஷினாக நடித்த கோங் யூ முகத்தைத்தான் நினைப்போம், ஆனால் நாட்டுப்புறக் கதைகளில் தொக்கேபி சோகமான ஆளே இல்லை. பழைய துடைப்பம் மாதிரி தேய்ந்துபோன பொருள்களிலிருந்து கிளம்பும், வழியில் போகிறவனை மல்யுத்தத்துக்குக் கூப்பிடும், பக்வீட் என்ற தானிய மாவில் செய்த பண்டம் என்றால் உயிர், ஏமாற்றும், ஏமாறும். சீரியலில் அந்த வெள்ளைப் பூ பூத்த பக்வீட் வயல் வருகிறதே, அந்த ஒரு இழை மட்டும் பழசிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். சோகம் வந்தது வேறு வழியில். 15-ஆம் நூற்றாண்டில் கிம் சி-சுப் என்பவர் எழுதிய கும்ஓ சின்ஹ்வா என்ற கதைத் தொகுப்பு இருக்கிறது. அதில் ஒரு கதை, நாம்வோன் ஊரின் மான்போக்சா கோயிலில் தனியாக வாழும் இளைஞன் ஒருவனைப் பற்றியது. புத்தரோடு பந்தயம் வைத்துக் காய் உருட்டி ஆடுகிறான், ஜெயித்தால் எனக்கொரு துணை வேண்டும் என்கிறான். ஜெயிக்கிறான், ஒரு பெண் வருகிறாள், அவளோடு சில நாட்கள் வாழ்கிறான். அவள் கொள்ளையர்களால் கொல்லப்பட்டவள் என்பது பிறகுதான் தெரிகிறது, அதுவும் அவள் கொடுத்த வெள்ளிக் கிண்ணத்தை அவளுடைய பெற்றோர் அடையாளம் கண்டுகொள்ளும்போது. அவள் போய்விடுகிறாள், வேறு நாட்டில் ஆண் குழந்தையாகப் பிறந்துவிட்டேன் என்று குரல் மட்டும் வருகிறது. அவன் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஜிரிசான் மலைக்கு மூலிகை பறிக்கப் போனான், அதற்கப்புறம் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. கதை அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு கோப்ளினின் கடைசிக் காட்சிக்கு வாருங்கள், மறுபிறவி எடுத்த உன்-தாக் கனடாவின் கியூபெக்கில் அவனைத் தேடி வந்து, அடையாளம் கண்டுகொள்கிறாள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கதை தர மறுத்ததை இந்தச் சீரியல் கொடுத்துவிடுகிறது. ஆனால் முழுதாகக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவளும் மறுபடி ஒருநாள் போய்த்தான் ஆகவேண்டும், சீரியலின் கணக்கில் ஒவ்வொரு மனிதருக்கும் பிறவிகள் நான்கு மட்டும்தான். சந்தோஷமான முடிவுதானே, அப்படியும் ஏன் நெஞ்சு அடைக்கிறது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

பாட்டு விஷயம் எளிது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஐலீ பாடிய முதல் பனி பாட்டு, சான்யோலும் பஞ்ச்சும் பாடியது, இவையெல்லாம் முக்கியமான கட்டங்களில் திரும்பத் திரும்ப வந்தவை. பதினாறு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு மெட்டையும் ஓர் உணர்ச்சியையும் சேர்த்துக் கட்டினால், பிறகு மெட்டு மட்டும் வந்தாலும் உணர்ச்சி பின்னாலேயே வரும். இதில் விசேஷமாக யோசிக்க ஒன்றுமில்லை, கொஞ்ச நாளில் தானாகக் குறையும்.

அடுத்தது, ஆராய்ச்சியில் ஓரளவு உறுதியாகத் தெரிந்தவை. திரையில் வருகிறவர்களோடு நமக்கு உண்டாகும் ஒருபக்க உறவைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதிவிட்டார்கள், பாராசோஷியல் என்று அதற்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். அப்போது தொலைக்காட்சியே புதுசு. பிறகு அமெரிக்காவில் ஃப்ரெண்ட்ஸ் தொடர் 2004-ல் முடிந்தபோது, பார்த்தவர்களுக்கு ஏற்பட்ட பிரிவு வருத்தத்தை எயால், கோஹன் என்ற ஆய்வாளர்கள் அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். வருத்தம் நிஜமானது, பாத்திரத்தோடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வருத்தம், ஆனால் நிஜ மனிதரைப் பிரிவதைவிட அது லேசானது என்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதனால் உங்களைக் கேலி செய்கிறவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம், இது பைத்தியக்காரத்தனம் இல்லை, படித்தவர்கள் உட்கார்ந்து அளந்த விஷயம் என்று. கொரியாவின் கங்நுங் நகரத்தில், ஜுமுன்ஜின் பகுதியின் கடலோரத்தில் இருக்கும் அந்த அலைத்தடுப்புக் கல் மேடையில், கிம் ஷினும் உன்-தாக்கும் நின்ற அதே இடத்தில், சிவப்புக் கழுத்துத்துணியும் பூங்கொத்துமாகப் படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் தனியாள் இல்லை.

நிஜப் பிரிவைவிட லேசானது என்றால் எனக்கு மட்டும் ஏன் தலைகீழ் என்று கேட்பீர்கள். இதற்கு இன்னொரு ஆய்வு உதவுகிறது. தாலியா கோல்ட்ஸ்டீன் என்பவர் 2009-ல் வெளியிட்டது. கற்பனைக் கதை தரும் துக்கமும் சொந்த வாழ்க்கைச் சம்பவம் தரும் துக்கமும் அளவில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன, ஆனால் சொந்தச் சம்பவத்தில் துக்கத்தோடு பதற்றமும் கலந்திருந்தது, கதையில் அந்தக் கலப்பு குறைவு. என் அனுபவத்தில் இது அப்படியே பொருந்துகிறது. தாத்தா இறந்த அன்று நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஐஸ் பெட்டிக்கு ஃபோன் செய்தது, ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் காபி, பாட்டிக்கு மாத்திரை, அம்மா மயங்கி விழுந்துவிடக்கூடாது என்று பக்கத்திலேயே நின்றது. சாவு வீட்டில் யாராவது ஒருவர் அழாமல் நின்றால்தான் மற்றவர்கள் அழ முடியும். அன்று அப்படி நின்றது நீங்கள். ஆனால் ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு 14-ஆவது எபிசோட் பார்க்கும்போது உங்களை நம்பி யாரும் இல்லை, யாருக்கும் காபி கொடுக்க வேண்டியதில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்க வேண்டியதில்லை. அழுவதற்கு இடம் கிடைத்தது, அழுதீர்கள்.

இனிமேல் சொல்லப்போவதில் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. என் தொழிலில் இருக்கிற பலரும் உங்கள் கேள்வியைப் படித்த உடனே, இது தாத்தாவுக்காக அடக்கி வைத்த அழுகை, இப்போது சீரியல் வழியாக வெளியே வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது. அப்படியும் இருக்கலாம், அந்த வாய்ப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அடக்கிய துக்கம் பிற்பாடு வெடித்தே தீரும் என்ற நம்பிக்கைக்குப் போதுமான ஆதாரம் இல்லை. ஜார்ஜ் பொனானோ, இழப்புக்குப் பிறகு மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர். ஆரம்பத்தில் பெரிதாக அழாதவர்கள் பிறகு உடைந்துபோவதை அவர் மிக அரிதாகவே கண்டார். பெரும்பாலானோர் பாசம் இருந்தும், இழப்பை உணர்ந்தும், நிலைகுலையாமல் இருந்தார்கள். அதனால் நீங்கள் தாத்தாவுக்கு அழவில்லை என்பதற்கு ‘அடக்கிவிட்டேன்’ என்று ஒரு விளக்கம் தேடியே ஆகவேண்டும் என்பதில்லை. அவருக்கு 84 வயது, இரண்டு வருடமாகப் படுக்கை, கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியதே நீங்கள்தான் என்கிறீர்கள். அப்படிக் கூட இருந்து பார்த்துக்கொண்ட பலர், மரணத்துக்கு முன்னாலேயே, ஆள் இருக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமாக வருந்தி முடித்திருப்பார்கள். உங்கள் விஷயத்திலும் அப்படித்தானா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. உங்கள் அழுகையில் எவ்வளவு தாத்தாவுக்கு, எவ்வளவு உன்-தாக்குக்கு என்று பிரித்துச் சொல்லவும் எனக்குத் தெரியாது. சொல்ல முடியும் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. உன்-தாக்குக்காகவே அழுதிருந்தாலும் அது உங்கள் அழுகைதான், அதற்குப் பின்னால் இன்னொரு காரணம் இருந்தால்தான் மரியாதை என்றில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் சீரியலும் என் துறையும் ஒரே பக்கம் நிற்கின்றன. முன்பெல்லாம் இறந்தவரை விட்டு மனம் விலகினால்தான் துக்கம் முடியும் என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 1996-ல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் தொகுத்த புத்தகத்துக்குப் பிறகு அந்தப் பார்வை மாறியது. இறந்தவரோடு ஓர் உறவு தொடர்ந்து இருப்பது சகஜம், பலருக்கு அது நல்லதும்கூட என்று இப்போது ஏற்றுக்கொள்கிறோம். உன்-தாக் அந்தத் தேநீரைத் தள்ளி வைக்கும் காட்சியை நான் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் சொல்வதுண்டு. மறந்தால்தான் நகர முடியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், நீங்களும் தள்ளி வைத்துவிடலாம்.

இங்கே எனக்கு ஒரு எல்லை இருக்கிறது. எழுத்தில் வந்த ஒரு கேள்வியை வைத்து உங்கள் மனநிலையை என்னால் கணிக்க முடியாது. சாப்பிடுகிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள், சிரிக்கவும் செய்கிறீர்கள் என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவு இலகுவாகப் பேசுகிறேன். தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, எதிலும் ஆர்வமில்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, நேரில் ஒருவரைப் பாருங்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும், உங்களுக்காக மட்டும் இல்லை, இதைப் படிக்கும் யாருக்காகவும். அடுத்த பிறவியில் சந்திப்போம் என்ற நினைப்பு அந்தக் கதைக்குள் அழகாக இருக்கிறது. துக்கத்தில் இருக்கும் ஒருவர் மனதில் அது, நானும் போய்விட்டால் அவரோடு சேரலாம் என்று மாறிவிட்டால், காத்திருக்காதீர்கள். 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசு எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டில் சொல்லிக் காட்டுவதைப் பற்றி: அம்மாவிடம் விளக்கம் சொல்லாதீர்கள், தாத்தாவைப் பற்றி ஏதாவது கேளுங்கள். அவர் சின்ன வயதில் எப்படி இருந்தார், அம்மாவை எதற்குத் திட்டுவார் என்று. நீங்கள் அழாததை அவர்கள் ‘இவளுக்கு ஞாபகமே இல்லை’ என்று படித்திருக்கலாம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்பது தெரிந்தால் பேச்சு மாறும் என்று நினைக்கிறேன், உத்தரவாதம் இல்லை. பேசும்போது அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் வரவழைக்க வேண்டாம்.

மறுபடி பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் வாள் உருவும் காட்சியையும் தேநீர்க் காட்சியையும் மட்டும் வெட்டி, பாட்டு ஒட்டி வரும் ரீல்ஸைக் கொஞ்ச நாளைக்குப் பார்க்காதீர்கள். அவை உச்சத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டும், இறங்கி வர வழியே இருக்காது. முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பாருங்கள், நாளுக்கு ஒன்று போதும். கிம் ஷினும் எமதூதனும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு, வீரர்கள் மாதிரி நடந்து வருகிற காட்சி இரண்டாவது தடவை பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கும், முதல் தடவை அவசரத்தில் நாம் யாரும் அதை நின்று ரசித்திருக்க மாட்டோம்.